கூஜா நிறையத் தண்ணீர்

எனக்கு முருங்கைக்காய் சாம்பார் ஆகாது, மேடம். ருசியில் குறையில்லை. மென்று முடித்த சக்கையைத் தட்டின் ஓரத்தில் துப்பி வைக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. என் மாமனார் வைத்தீஸ்வரன் நன்றாக நடமாடிய காலத்தில் அந்தச் சக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குவித்து வைப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் நான் ரசத்தைத் தாண்டி நேராக மோர் சாதத்துக்குப் போய்விடுவேன். அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மச்சினன் சீனு உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

வீட்டுக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்றா சொன்னான்? சேலையூர் வீட்டை அவர் என் மனைவி ரமா பேருக்கு எப்போதோ எழுதி வைத்துவிட்டார். அது சீனுவுக்கும் தெரியும். மாமனார் எப்படிப் போனார் என்பதுதானே உங்கள் கேள்வி. அதற்கு என் உத்தியோகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சலிப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேளம்பாக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். புரோகிராம் எழுதுகிறவன் இல்லை. எழுதுகிறவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறவன். ஸ்க்ரம் மாஸ்டர் என்று கார்டில் போட்டிருக்கும். ஒரு பெரிய வேலையைத் தூக்கி மேஜையில் வைத்தால் எவனும் கையை வைக்க மாட்டான். ஆளாளுக்கு அடுத்தவன் மூஞ்சியைப் பார்ப்பான். அதையே வெட்டி, வெட்டியதை இன்னும் வெட்டி, ஒருத்தர் ஒரு நாளில் முடிக்கிற அளவுக்குக் கொண்டு வந்துவிட்டால் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவரவர் துண்டை முடித்து, போர்டில் முடிந்தது என்று ஒட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். மொத்தத்தில் என்ன கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்கிறவர் குறைவு. துண்டு சின்னதாக இருந்தால் கேட்கத் தோன்றாது. இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தர மாட்டார்கள். நானாகக் கண்டுகொண்டது.

பொங்கல் கழிந்து மாமாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்து பின்னறையில், மேற்கு ஜன்னல் ஓரமாகக் கட்டில் போட்டோம். இடது கை மட்டும் வேலை செய்தது. கண் நன்றாகத் தெரிந்தது, காது கேட்டது, எல்லாம் புரிந்தது. இதை நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். அவருக்கு எல்லாம் புரிந்தது.

ரமா பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் அவருக்குத் துடைத்து, மாற்றி, ஊட்டி, பஸ்ஸைப் பிடித்து ஓடுவாள். சாயங்காலம் வந்து மறுபடி அதே வேலை. ஒரு மாதத்தில் ஆளே பாதியாகிவிட்டாள். ஒருநாள் சமையலறையில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, இவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

"என்னால முடியலை. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை. நீங்க ஏதாவது பண்ணுங்கோ," என்றாள்.

அவள் கேட்டுத்தான் செய்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸில் என்ன செய்வேனோ அதையே வீட்டில் செய்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் நான்கு பத்தி பிரித்தேன். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது, அப்புறம். அப்பாவைப் பார்த்துக்கொள்வது என்கிற பூதத்தை எடுத்து மஞ்சள் சீட்டுகளாக வெட்டினேன். படுக்கை விரிப்பு மாற்றுவது ஒரு சீட்டு. காலை ஊட்டுவது ஒரு சீட்டு. சவரம் ஒரு சீட்டு. பிளஸ் டூ முடித்துவிட்டு நீட்டுக்குப் படித்துக்கொண்டிருந்த என் பெண் சின்மயிக்குச் சின்னச் சின்னதாக இரண்டு. பல்லாவரத்தில் இருக்கிற சீனு சாயங்காலம் வந்து போவதால் அவனுக்குச் சில. பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வேலைக்கு வரும் சரசு அப்போது முழு நாளும் இருப்பாள், அவளுக்குப் பெரும் பகுதி. தினமும் சீனு வந்ததும் ஃப்ரிட்ஜ் முன்னால் எல்லோரும் நின்றபடியே பேசுவோம். இன்று என்ன முடித்தேன், நாளை என்ன, இடைஞ்சல் எதுவும் உண்டா. நின்று பேசினால் சீக்கிரம் முடியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சீட்டுகளை மாற்றிப் போடுவோம்.

வீடு ஒரு நிதானத்துக்கு வந்தது. ரமா சிரித்தாள். "அத்திம்பேர், உங்க மூளையே மூளை," என்று சீனு என் தோளைத் தட்டினான். புகார் எழுதிக் கொடுத்தது அதே சீனுதான்.

தண்ணீர் கொடுப்பது சரசுவின் சீட்டாக இருந்தது. அது பார்க்கிற அளவுக்குச் சின்ன வேலை இல்லை, மேடம். வெறும் தண்ணீர் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தண்ணீரில் ஒரு பவுடரைக் கலந்து கொழகொழவென்று ஆக்கி, ஸ்பூன் ஸ்பூனாக விட வேண்டும். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மோவாயில் வழிவதைத் துடைக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. சரசு அதைப் பொறுமையாகச் செய்தாள். அவர் நன்றாகக் குடித்தார். குடித்தால் என்ன ஆகும்? உள்ளே போவது வெளியே வரும்.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரசு லீவு. ரமா சின்மயியை மாதிரித் தேர்வுக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தாள். வீட்டில் நானும் அவரும். பின்னறையிலிருந்து வாடை வந்தது. கதவைச் சாத்தினேன். சாத்திய கதவுக்கு அடியிலும் வந்தது. கடைசியில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். டயப்பர் ஊறி, பிதுங்கி, விரிப்பைத் தாண்டி மெத்தைக்கு இறங்கியிருந்தது. பிரித்தால் மூத்திரம் மட்டும் இல்லை. தொடையில் அது காய்ந்து ஒட்டியிருந்தது. துடைக்கிறேன், போக மாட்டேன் என்கிறது. என் மணிக்கட்டில் பட்டுவிட்டது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இடது கையால் என் முழங்கையைப் பிடித்தார். நன்றி சொல்கிறாராம். அந்தக் கையும் நனைந்திருந்தது. நான் பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன். சோப்பு போட்டுத் தோல் எரிகிற வரைக்கும் கழுவினேன். அன்று சாப்பிடவில்லை. மோர் சாதம்கூட இறங்கவில்லை.

அருவருப்பு ஒரு குற்றம் இல்லை என்று நினைக்கிறேன். அது உடம்பில் இருக்கிறது, மனதில் இல்லை.

அடுத்த முறை சீட்டு மாற்றும்போது திட்டத்தைச் சீர்செய்தேன். சரசுவை அரை நாளாக்கினேன். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, அவ்வளவு போதும். ஒரு ஆள் ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்யட்டும் என்றேன். தண்ணீர் சீட்டு யாருக்கு என்று ரமா கேட்டாள். இது ரொம்பப் பெரிய துண்டு, அதனால்தான் சரசு திணறுகிறாள், பிரித்துவிடலாம் என்றேன். சரசு திணறவில்லை. ஆனால் பிரிப்பது என் தொழில், அதில் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

மூன்றாகப் பிரித்தேன். காலையில் எவர்சில்வர் கூஜாவைக் கழுவின கையோடு ரொப்பி மாமா தலைமாட்டில் வைப்பது, சின்மயி. பவுடர் டப்பா தீராமல் பார்த்து மருந்துக்கடையில் வாங்கி வைப்பது, ரமா. சாயங்காலம் பழைய தண்ணீரைக் கொட்டிக் கூஜாவைத் தேய்த்துக் கவிழ்ப்பது, சீனு. நடுவில் ஒன்று மிஞ்சியது. கொடுப்பது. அதையும் ஒரு மஞ்சள் சீட்டில் என் கையாலேயே எழுதினேன். மறைக்கவில்லை. இது இன்னும் பெரிதாக இருக்கிறது, எப்படிப் பிரிக்கலாம் என்று யோசித்து அடுத்த தவணையில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி 'அப்புறம்' பத்தியில் ஒட்டினேன். அதற்குள் சாதம் வெந்துவிட்டது என்று குக்கர் கூப்பிட்டது, எல்லோரும் கலைந்தார்கள்.

ஆபீஸில் இது எல்லோருக்கும் தெரிந்த கதை. 'அப்புறம்' பத்திக்குப் போனது திரும்பி வராது. ஆனால் இவர்கள் ஆபீஸ்காரர்கள் இல்லை. தண்ணீர் என்று எழுதிய மூன்று சீட்டு தினமும் 'முடிந்தது' பக்கத்துக்குப் போவதைப் பார்த்தார்கள். தாத்தாவுக்குத் தண்ணீர் ஆயிற்று என்று நம்பினார்கள். சின்மயி ரொப்பினாள், சரசு கொடுப்பாள் என்று நினைத்தாள். சரசு துணி மாற்றினாள், வீட்டுக்காரர்கள் கொடுப்பார்கள் என்று நினைத்தாள். ரமாவுக்கு அப்போது விடைத்தாள் திருத்தும் முகாம். இருட்டின பிறகு கண் எரிய வருவாள், பவுடர் டப்பாவைத் திறந்து பார்ப்பாள், நிறைய இருக்கும், மூடுவாள்.

சீனு ஒருத்தன்தான் ஆபத்து. அவன் கூஜாவைக் கவிழ்க்கிறவன். முன்பு ஒருமுறை ஆசையாக டம்ளரில் அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய், அவருக்குப் புரையேறி முகம் நீலமாகி, இவன் நடுங்கிப் போய்விட்டான். அதிலிருந்து தண்ணீர் என்றாலே ஒதுங்கிவிடுவான். அவனாகக் கொடுக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சீட்டை அவனுக்குப் போட்டேன்.

"அத்திம்பேர், கூஜா நெறைய இருக்கே," என்றான் ஒரு சாயங்காலம், ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டு.

"இருக்கட்டுமே. குறைவா இருந்தாத்தானே கவலை," என்றேன்.

அதில் பொய் எங்கே இருக்கிறது? மத்தியானம் யாரோ மறுபடி ரொப்பியிருக்கிறார்கள் என்று அவனாக நினைத்துக்கொண்டான்.

சித்திரை வெயில். பின்னறைக்கு மத்தியானத்துக்கு மேல் அனல் இறங்கும். ஆனால் பலன் தெரிந்தது. டயப்பர் எண்ணிக்கை குறைந்தது, மெத்தை நனையவில்லை. வாடை மாறியது. முன்பு இருந்த வாடை போய், வேறு ஒன்று வந்தது, இனிப்பும் புளிப்புமாக, மூடி வைத்த பழைய மாவு மாதிரி. அது கொஞ்சம் தாங்கக்கூடியதாக இருந்தது. சரசுவே சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் ஒருநாள் செருப்பைப் போட்டுக்கொண்டே வாசலில் நின்றாள்.

"சார், பெரியவருக்கு தண்ணி யாரு குடுக்கறாங்கோ? ஒதடெல்லாம் வெடிச்சிகினு கீது. மூத்திரங்கூட சரியா வர்றதில்ல."

"மூணு பேர் அந்த வேலையைப் பாக்கறாங்க சரசு. போர்டுல இருக்கு."

அவள் ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று மஞ்சள் சீட்டு. "அப்ப செரி சார்," என்று போய்விட்டாள். மூன்று பேர் பார்க்கிற வேலையில் நான்காவது ஆள் எதற்கு?

நான் எதிர்பார்த்ததைவிட நாள் பிடித்தது. ரமா காலையில் ஊட்டும் கூழில் கொஞ்சம் ஈரம் இருக்கும். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்தச் சத்தம். கூஜா அவர் தலைமாட்டில், கைக்கு எட்டாத பக்கம், வலது பக்கம் இருந்தது. அங்கே வைக்கச் சொன்னது நான்தான். இடது பக்கம் இருந்தால் தட்டிக் கவிழ்த்துவிடுவார் என்றேன், நியாயமான காரணம். அவர் இடது கை மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்ட ஆரம்பித்தார். டிங், டிங் என்று பகல் முழுக்க. சின்மயி நின்று பேசும்போது அதை இடைஞ்சல் என்று சொன்னாள். "தாத்தா தட்டிண்டே இருக்கார்ப்பா. போனா என்னைப் பாக்கறார், அந்தப் பக்கம் பாக்கறார், மறுபடி தட்டறார். எனக்கு ஒண்ணும் புரியலை. படிக்கவும் முடியலை."

அந்தப் பக்கம் என்றால் கூஜா பக்கம். குழந்தைக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அந்த ஒரு சீட்டை நானே எடுத்துக்கொண்டேன். யாரையும் ஏவவில்லை. மோதிரம் வராது, சோப்பு வேண்டியிருக்கும் என்று ஒரு கிண்ணத்தில் கரைத்து எடுத்துக்கொண்டு போனேன். விரல் அவ்வளவு வற்றியிருந்ததால் சோப்பு தேவைப்படவில்லை. தொட்டதும் கழன்று வந்துவிட்டது. அவர் வாய் திறந்திருந்தது. நாக்கு பழுப்பேறி, நடுவில் கீறல் விழுந்து, மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. வாயோரத்தில் எச்சில் வெள்ளையாகக் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அது சோப்புத் தண்ணீர். அதைப் பார்த்துத் தலையைத் தூக்க முயன்றார். எனக்குக் குமட்டியது, மேடம். ஒரு மனுஷன் சோப்புத் தண்ணீருக்கு வாயைத் திறப்பதைப் பார்க்க உங்களுக்கும் குமட்டும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. சின்மயி தேங்க்ஸ் அப்பா என்றாள்.

சனிக்கிழமை காலை அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ரமா கத்தவில்லை. "அப்பா, அப்பா" என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சீனுவுக்குப் போன் போட்டோம், ஓடி வந்தான். டாக்டர் வருவதற்குள் எதிர்வீட்டு மாமி, கங்கைச் சொம்பு இருக்கா, உடையுங்கோ என்றாள். காசியிலிருந்து அவரே கொண்டு வந்து பூஜையில் வைத்திருந்த சொம்பு, வாய் ஈயம் வைத்து அடைத்தது. சீனு அதை உடைத்தான். ஒவ்வொருவராக வரிசையில் நின்று உத்தரணிக் கரண்டியால் அவர் வாயில் விட்டோம். ரமா விட்டாள், சீனு விட்டான், சின்மயி விட்டாள். நானும் விட்டேன். உள்ளே எதுவும் இறங்கவில்லை. கடைவாய் வழியாகக் காதோரம் ஓடித் தலையணையை நனைத்தது. எல்லோரும் அழுதார்கள். மூக்கைச் சிந்திப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதே கையால் அவர் முகத்தைத் தடவினார்கள். நான் தள்ளி நின்றேன்.

டாக்டர் வந்தபோது முடிந்திருந்தது. மாமாவின் புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது, படியவில்லை. "இவருக்குக் கடைசியா எப்ப தண்ணி குடுத்தீங்க?" என்று கேட்டார். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆபீஸில் பெரிய வேலையை மேஜையில் வைத்தால் பார்ப்பார்களே, அதே பார்வை. "நான் தெனம் ரொப்பி வச்சேனே," என்றாள் சின்மயி. "நான் தெனம் கொட்டினேனே," என்றான் சீனு. சொல்லிவிட்டுத்தான் அவனுக்கு அது காதில் விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் சமையலறைப் பக்கம் போனேன். 'அப்புறம்' பத்தியில் அந்தச் சீட்டு ஒன்றுதான் இருந்தது. ஓரம் சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொடுப்பது. எல்லோருமாகக் கொடுத்தாயிற்று, அதனால் அதை எடுத்து 'முடிந்தது' பக்கம் ஒட்டினேன். பாதியில் விட்ட வேலை எனக்குப் பிடிக்காது. திரும்பினால் சின்மயி பின்னால் நிற்கிறாள். சீட்டைப் படித்தாள். அது எந்தப் பத்தியிலிருந்து வந்தது என்று பார்த்திருக்கிறாள். என் கையெழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் வளர்த்த பெண், முருங்கைச் சக்கையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு அங்கேயே, ஃப்ரிட்ஜ் முன்னால், குனிந்து வாந்தி எடுத்தாள்.

ஆமாம், மேடம். வேண்டுமென்றுதான் செய்தேன். கொன்றீர்களா என்றால் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொறுப்பில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வாந்தியைத் துடைக்கிற வேலை யாருக்கும் போடப்படவில்லை. ரமா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள், சீனு எழுந்திருக்கவில்லை. எனக்கு எவ்வளவு அருவருப்பு என்று உங்களுக்கு இப்போது தெரியும். இருந்தும் யார் வேலை என்று பார்க்காமல் நானேதான் தண்ணீர் கொட்டித் துடைத்தேன். குழாயைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் சின்மயி வைத்த கூஜா நிறைய இருந்தது.